பெயிண்ட்டைப் பழசாக்கியவன்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதையும் முழுசாக முடிக்கவில்லை. ஆனால் கப்பல் போகிற துறைமுகங்களில் எழுபது எழுபத்தைந்தில் என் கால் பட்டிருக்கிறது. தென்காசிப் பக்கத்தில் இப்படிச் சொல்லிக்கொள்ள இன்னொரு ஆள் இருந்தால் கூட்டி வாருங்கள், நான் எழுந்து நிற்கிறேன். எங்கள் பக்கம் மலை உண்டு, அருவி உண்டு, குளம் உண்டு, கடல் கிடையாது. போலீசுக்குப் போவார்கள், பட்டாளத்துக்குப் போவார்கள், வளைகுடாவுக்கு விமானம் ஏறுவார்கள். நான் தூத்துக்குடியில் ஒரு தோணியில் சமையலுக்கு ஏறி, அங்கேயிருந்து பம்பாய்க்குப் போய், சரக்குக் கப்பலில் தளம் கூட்டுகிறவனாகச் சேர்ந்து, சாரங்காக உயர்ந்தேன். சாரங்கு என்றால் மேல்தளத்து வேலையாட்களுக்கெல்லாம் மேஸ்திரி. கயிறு, சங்கிலி, ஏணி, பெயிண்ட் எல்லாம் அவன் கையில். காப்டன் படித்தவராக இருப்பார். கப்பலின் தோல் எங்கே கெட்டிருக்கிறது என்று சாரங்குக்குத்தான் தெரியும்.

கடலில் சம்பாதித்ததை வைத்துக் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் பதினான்கு ரூமோடு லாட்ஜ் கட்டினேன். சாரல் காலத்தில் ரூம் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிற அளவுக்கு நடக்கிறது. சாயங்காலம் கடையில் டீ குடிக்கும்போது நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கப்பல் கதை சொல்லச் சொல்வார்கள். நான் சொல்லாத கதை ஒன்று உண்டு. இது அந்தக் கதை.

அதற்கு முன்னால், கப்பலை எப்படிச் சோதிப்பார்கள் என்று சொல்லிவிட வேண்டும். கப்பல் எந்த நாட்டுக் கொடி கட்டியிருந்தாலும், அது போய் நிற்கிற துறைமுகத்து நாட்டுக்காரன் ஏறிச் சோதிக்கலாம். முன்கூட்டிச் சொல்ல மாட்டான். காலையில் ஏணி இறக்கி முடிப்பதற்குள் தலையில் தொப்பி, கையில் டார்ச், பையில் சின்னச் சுத்தியலோடு வந்து நிற்பான். சர்டிபிகேட் பார்ப்பான். தீயணைக்கிற பம்பை ஓட்டச் சொல்வான். உயிர்காக்கும் படகை இறக்கச் சொல்வான். அடுப்படியில் போய் இறைச்சி எப்படி வைத்திருக்கிறோம் என்று மோந்து பார்ப்பான். குறை சின்னதாக இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவான். பெரிதாக இருந்தால் கப்பல் நகரக் கூடாது என்று நிறுத்தி வைத்துவிடுவான். அதைத்தான் டிட்டென்ஷன் என்பார்கள். ஒரு பக்கத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்திருக்கின்றன. ஒரு ஊரில் நிறுத்தினால் அந்தக் கூட்டத்து நாடுகள் அத்தனைக்கும் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும். திருட்டுக் கேசில் ஒருமுறை பெயர் எழுதப்பட்டவனை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூப்பிட்டு விசாரிப்பது மாதிரி, அந்தக் கப்பலை ஒவ்வொரு துறைமுகத்திலும் ஏறிக் குடைவார்கள்.

இடத்துக்கு இடம் ஆள் மாறுவான். ஜப்பானில் வந்தவர் அறை வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, தீயணைக்கிற குழாய் ஒவ்வொன்றையும் விரித்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். ஒரு குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை. அதற்கும் வணக்கம் சொல்லித்தான் எழுதினார். ஆஸ்திரேலியாவில் வருகிறவன் இரும்பைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்ப்பான். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய், கடைசியாகப் பச்சைக் காய்கறி எப்போது தின்றாய் என்று கேட்பான். ஐரோப்பாப் பக்கம் காகிதம். ஒரு கையெழுத்தில் தேதி பிசகினால் போதும், அதிலிருந்து நூல் பிடித்து எஞ்சின் அறை வரைக்கும் போய்விடுவான். வேறு சில துறைமுகங்கள் உண்டு, ஊர் பெயர் சொல்ல மாட்டேன். அங்கே சோதனைக்காரர் நேரே காப்டன் அறைக்குப் போய், பிரியாணி சாப்பிட்டு, சிகரெட் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிடுவார். தளத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

இத்தனை பேருக்கும் நான் ஒருவன் ஈடு கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். சோதனைக்கு நாலு நாள் முந்திக் கப்பலை என் கையில் கொடுத்தால் கிழவியைக் கல்யாணப் பெண்ணாக்கி நிறுத்துவேன் என்று காப்டன்களே சொல்லுவார்கள். மற்ற சாரங்குகள் துரு கண்ட இடத்தில் எல்லாம் புதுப் பெயிண்ட் அப்புவார்கள். முட்டாள்தனம். சோதனைக்காரன் கண் முதலில் போவதே புதுப் பெயிண்ட்டுக்குத்தான். அங்கேதான் சுத்தியலை வைத்துத் தட்டுவான். கப்பலில் வேலை செய்கிற கடைசி ஆள் வரைக்கும் இந்தச் சங்கதி தெரியும்: புதுப் பெயிண்ட்டை நம்பாதே, அதற்குக் கீழே ஏதோ இருக்கிறது, அதன்மேல் சாயாதே, கால் வைக்காதே.

நான் அதைத் திருப்பிப் போட்டேன். உளுத்த இடத்தைச் சிமெண்டும் மரத்தூளும் குழைத்து அடைப்பேன். அதன்மேல் பெயிண்ட் அடித்து, ஈரம் காய்வதற்குள் அடுப்படிக் கரியைத் துணியில் தொட்டுத் தேய்ப்பேன். மேலே ஆறிய டீத் தண்ணீரை ஒழுகவிடுவேன். காய்ந்த பிறகு பார்த்தால் அஞ்சு வருஷமாக மழையிலும் வெயிலிலும் நின்று தாங்கிய பெயிண்ட் மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு குறையும் இல்லாத நல்ல இரும்பு ஒன்றுக்கு வேண்டுமென்றே பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்து வைப்பேன். சோதனைக்காரன் அங்கே போய் டங் டங்கென்று தட்டுவான். கெட்டியாக இருக்கும். தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவான். இது என் சொந்த வித்தை. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், என் கடைசிக் கப்பலுக்கு முந்தின கப்பல். பழைய கப்பல். ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் பதினோரு நாள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். நான் அப்போதுதான் அதில் ஏறியிருந்தேன், என் வித்தையைக் காட்ட நேரமில்லை. பதினோரு நாளும் பக்கத்துக் கப்பல்களில் இருந்து எங்களைப் பார்த்துக் கை தட்டிச் சிரித்தார்கள். கம்பெனியிலிருந்து காப்டனுக்குச் செய்தி வந்தது. இன்னொரு தடவை கப்பல் நின்றால் காப்டனும் சாரங்கும் வீட்டுக்குப் போகலாம். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. லாட்ஜ் அஸ்திவாரத்தோடு நின்றது.

அடுத்த சரக்கு ஆஸ்திரேலியாவுக்கு. கரைக்கு நாலு நாள் இருக்கும்போது தளத்தைச் சுற்றி வந்தேன். பின்பக்கத்து மேல்தளத்தின் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பி உண்டு. அதைத் தாங்கி நிற்கிற கால்களில் இரண்டு அடியில் உளுத்துப் போயிருந்தன. விரலால் அமுக்கினால் அப்பளம் மாதிரி உடைந்தது. வெட்டி எடுத்துப் புதுசு வைத்திருக்கலாம், அரை நாள் வேலை. ஆனால் வெல்டிங் ஆளை எஞ்சின் அறையில் பிடித்து வைத்திருந்தார்கள். கேட்டிருந்தால் விட்டிருப்பார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. மத்தியானம் ஆட்கள் எல்லாம் சரக்கு அறை கழுவப் போன நேரத்தில் சிமெண்டைக் குழைத்தேன். அடைத்தேன். பெயிண்ட், கரி, டீத் தண்ணீர். அந்த வேலையைப் போல அழகாக நான் வேறு எதையும் செய்ததில்லை. இதை எழுதும்போதுகூடக் கை அதை ரசிக்கிறது. அதுதான் எனக்குக் கேவலமாக இருக்கிறது.

சோதனைக்காரன் வந்தான். புதுப் பெயிண்ட் அடித்த நல்ல கம்பியைத் தட்டினான். கரி தேய்த்த கம்பியைக் கடந்து போனான். இரண்டு சின்னக் குறை எழுதிவிட்டு இறங்கினான். காப்டன் எல்லோர் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார்.

அந்தக் கப்பலில் என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன் கடையத்துக்காரன். நான்தான் சிபாரிசு செய்து ஏற்றினேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், பெண்டாட்டி பிள்ளை உள்ளவன், நிதானமானவன். கயிற்றில் முடிச்சுப் போட்டால் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பான். அவனைத் தம்பி என்பேன், அவன் அண்ணாச்சி என்பான். இந்த எழுத்தில் அவனுக்குப் பெயர் வேண்டாம், தம்பி என்றே இருக்கட்டும்.

ஆஸ்திரேலியாவை விட்டு ஒன்பதாம் நாள், இன்னொரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றோம். வேலை முடிந்த சாயங்காலம். தம்பி டீக் கோப்பையோடு பின்பக்கம் போய்க் கரையைப் பார்த்துக்கொண்டு அந்தக் கம்பியில் சாய்ந்திருக்கிறான். இரண்டு காலும் அடியோடு விட்டுவிட்டன. கம்பியோடு சேர்ந்து இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே இருக்கிற தளத்தில் விழுந்தான். நான் ஓடிப் போனபோது அவன் கத்தவில்லை. கோப்பை உடைந்துபோச்சு அண்ணாச்சி என்றான். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது.

படகு வந்து அவனைக் கரைக்கு ஏற்றிக்கொண்டு போனது. படகு போன பிறகு நான் செய்தது இது. விழுந்து கிடந்த கம்பியையும் சிமெண்ட் ஒட்டிய அடிக்கட்டையையும் தூக்கிக் கடலில் போட்டேன். அரை நாள் வேலை என்று சொன்னேனே, அதைச் செய்ய வைத்தேன். பொழுது விடிவதற்குள் புதுக் கம்பி நின்றது. விபத்து நடந்த கப்பல் என்றால் கரையில் கட்டியதும் சோதனைக்காரன் நேரே அந்த இடத்துக்குத்தான் வருவான் என்று எனக்குத் தெரியும்.

வந்தான். புதுக் கம்பியைப் பார்த்தான். பழசு எங்கே என்று கேட்டான். தம்பியோடு சேர்ந்து விழுந்ததில் கடலுக்குப் போய்விட்டது என்றேன். காப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் ஆபீசர் இங்கிலீஷில் ஒரு காகிதம் தட்டினார். அடிபட்டவன் கம்பிமேல் ஏறி உட்கார்ந்திருந்தான், அதனால் விழுந்தான் என்று. சீஃப் ஆபீசர் அதைத் தானாக எழுதவில்லை. அவருக்கு அப்படிச் சொன்னது நான். காப்டனும் கேள்வி கேட்கவில்லை. கப்பல் நிற்காமல் இருக்க எல்லோருக்கும் அந்தக் காகிதம் வேண்டியிருந்தது. தம்பியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். வெள்ளை விரிப்பில் இடுப்புக்குக் கீழே கட்டோடு கிடந்தான். பேனாவை நீட்டினேன். அவன் அதைப் பார்க்காமல் என்னையே பார்த்தான்.

“கம்பி எப்படி அண்ணாச்சி விட்டுச்சு? பெயிண்ட்டு பழசாத்தான இருந்துச்சு? புதுசா இருந்தா நான் சாஞ்சிருக்க மாட்டனே.”

“கம்பியில ஒண்ணும் இல்லலே. நீ ஏறி உக்காந்திருப்ப.”

“உக்காரல. நல்லா ஞாபகம் இருக்கு.”

“அடிபட்ட மயக்கத்துல உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்? நான் பாத்தேம்லா.”

நான் பார்க்கவில்லை. காகிதத்தில் அவன் தப்பென்று இருந்தால்தான் கம்பெனி வைத்தியம் பார்க்கும், இல்லையென்றால் கேஸாகி இங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று மேலும் சொன்னேன். அதுவும் பொய். நீங்க பாத்தா சரிதான் அண்ணாச்சி என்று அவன் கையெழுத்துப் போட்டான். கப்பல் நிற்கவில்லை. மறுநாள் கிளம்பிவிட்டோம்.

தம்பி ஊருக்கு வந்தான். இடது கால் கட்டையாகிவிட்டது. இனிமேல் கடலுக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் இன்னும் ஒரு கப்பல் ஓடிவிட்டு வந்து லாட்ஜைக் கட்டி முடித்து, அவனைக் கூப்பிட்டுக் கவுண்டரில் உட்கார வைத்தேன். அதற்கு ஊரில் எனக்குக் கிடைத்த பேர் கொஞ்சமில்லை. அவன் பண்ணின தப்புக்கு அவன் விழுந்தான், அண்ணாச்சி பாரு தூக்கி விட்டிருக்காக என்பார்கள். நான் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடிப்பேன். அடக்கம் என்று அதையும் சேர்த்துப் புகழ்ந்தார்கள்.

தம்பி பத்து வருஷமாகக் கவுண்டரில் ஒரு சாவியைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. ஆனால் வீட்டில் அவனுக்கு மதிப்பில்லை என்பது எனக்குத் தெரியும். அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். பெண்டாட்டி சிலிண்டர் மாற்ற விட மாட்டாள், பீஸ் போட விட மாட்டாள், கேட்டால் கம்பியில் உட்கார்ந்து கனாக் கண்ட மனுஷன் என்பாள் என்று. எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்று நானும் சிரித்து வைப்பேன். போன வருஷம் அவன் மகள் பிரசவத்துக்கு வந்தாள். ஆண் குழந்தை. பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆன சமயம், பேரன் எப்படி இருக்கான் என்று கேட்டேன்.

“மடியில போட்டுப் பாக்கலாம் அண்ணாச்சி. தூக்கிட்டு ஒரு எட்டு வைக்க எம் பொண்டாட்டி விட மாட்டேங்கா.”

“காலு தடுக்கும்னா?”

“காலுக்கு இல்ல. நிதானம் கெட்டவன் கையில பச்சப்புள்ளயக் குடுக்க மாட்டாளாம். அவளச் சொல்லிக் குத்தமில்ல. நான் ஏன் போயி அதுமேல உக்காந்தேன்னு எனக்கே இன்னும் பிடிபடல.”

அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவன் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷனை, தன் கையையே நம்பாதவனாக ஆக்கி வைத்திருக்கிறேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரூமுக்கு ஆள் வந்தார்கள். அதைச் சாக்காக வைத்து எழுந்துவிட்டேன்.

பிறகு சாரல் தொடங்குவதற்கு முந்தின மாதம் மாடி வராண்டாக் கம்பிகளைப் பார்த்தேன். மூன்று கம்பியில் துரு. லாட்ஜில் நான் ஏமாற்றுவதில்லை, இதை நம்புங்கள். வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் குழாய் வைத்து வெல்டிங் செய்ய வைத்தேன். பெயிண்டர் அடித்து முடித்ததும், அந்த மூன்று மட்டும் பளிச்சென்று பக்கத்துக் கம்பிகளோடு ஒட்டாமல் நின்றன. நான் யோசிக்கவே இல்லை. கீழே அடுப்படியில் கொஞ்சம் கரி எடுத்துவரச் சொல்லி, துணியில் தொட்டு, ஈரப் பெயிண்ட்டில் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். பெயிண்டர் வாயைப் பிளந்து பார்த்தான். முதலாளி பெரிய ஆளு என்றான். எனக்கும் உற்சாகம் வந்து, ஆறின டீ இருக்கிறதா என்று கேட்டேன்.

திரும்பினால் மாடிப்படி முகப்பில் தம்பி நிற்கிறான். ஏதோ ரூம் விஷயமாகக் கேட்க ஏறி வந்திருக்கிறான்.

“புதுப் பெயிண்ட்டப் போயி எதுக்கு அண்ணாச்சி அழுக்காக்குதிய?”

“பக்கத்துக் கம்பியோட சேரணும்லா.”

அவன் கிட்டே வந்து, தேய்த்த இடத்தைக் குனிந்து பார்த்தான். தொடவில்லை.

“கப்பல்லயும் இப்படிச் செய்வியளோ?”

வெறும் கேள்வியாகத்தான் கேட்டான். நான் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். பதில் வரவில்லை என்றதும் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்விட்டான். மறுநாள் வழக்கம்போல வந்தான், வணக்கம் சொன்னான், சாவி கொடுத்தான். அதற்கு மறுநாளும் அப்படியே. அவன் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு வாய் உண்டு. அவன் கேட்ட கேள்வியை அங்கேயே வைத்துவிட்டுப் போனதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவனுக்கு வார லீவு. தென்காசியில் அவன் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்குப் போனேன்.

முன்னறையில் எனக்கு நாற்காலி போட்டான். அவன் பெண்டாட்டி அடுத்த அறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகளும் குழந்தையும் உள்ளே. நான் முன்னுரை எதுவும் சொல்லவில்லை. அந்தக் கம்பிக்கால் உளுத்திருந்தது, சிமெண்ட் வைத்து அடைத்தது நான், பெயிண்ட்டைப் பழசாக்கியது நான் என்றேன். டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசுகிற வாய்க்கு, இதைச் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

“அந்தப் பெயிண்ட்டப் பாத்துட்டுத்தான் நான் சாஞ்சேன்” என்றான்.

“தெரியும்.”

“எப்பத்துல இருந்து தெரியும்?”

“நீ விழுந்த அன்னைக்கே.”

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். “ஏட்டி, இங்கன வா. அண்ணாச்சி ஒண்ணு சொல்லுதாங்க.” பிறகு என்னைப் பார்த்து, “முதல்ல இருந்து சொல்லுங்க” என்றான்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மறுபடியும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. நான் முடித்ததும் கேட்டாள்.

“அப்ப ஏறி உக்காந்ததா இவுக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காகளே? அது என்ன கணக்கு?”

சிமெண்டைச் சொன்னேன், கரியைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லியும் ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லை. மறந்து விடவில்லை. அது வேண்டாம், இதோடு போகட்டும் என்று வருகிற வழியிலேயே தீர்மானித்து வைத்திருந்தேன். சிமெண்ட் வைத்தது வேலை நெருக்கடியில் செய்த தப்பு என்று யாராவது எனக்காகப் பேசலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனிடம் செய்ததற்கு அப்படிப் பேச ஆள் கிடைக்காது.

“கேக்குதேம்லா அண்ணாச்சி. உக்காந்தேன்னு இவுகளச் சொல்ல வச்சது யாரு?”

“நான்தான் தாயி. அவன் சாஞ்சுதான் நின்னேன்னு சொன்னான். நான் பாத்தேன்னு பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்.”

தம்பி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சிமெண்டைக் கேட்டபோது அவன் முகம் மாறவில்லை. இதற்குத்தான் மாறியது. அவள் உள்ளே போய் அவன் கப்பல் புத்தகம் வைத்திருக்கிற பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். அந்தக் காகிதத்தின் நகல் அதில் இருந்தது. மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். மகள் இங்கிலீஷை மனதுக்குள் படித்து, அப்பாவின் சொந்தக் கவனக்குறைவால் என்று தமிழில் சொன்னாள். அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாக அந்தக் காகிதம் சொன்னதுதான் சட்டமாக இருந்திருக்கிறது.

அவள் காகிதத்தைத் திருப்பி, வெறும் பக்கத்தை என் முன்னால் ஸ்டூலில் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

“இதுக்குப் பின்னால எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க. நாளைக்கு இந்தப் பய வளந்து தாத்தா ஏன் நொண்டுதாருன்னு கேட்டா நான் எடுத்துக் காட்டணும்.”

எனக்கு எழுத்து வேகமாக வராது. ஒவ்வொரு எழுத்தாகத்தான் வைக்க வேண்டும். பதினோரு வரி எழுதினேன். சிமெண்ட், கரி, கடலில் எறிந்த கம்பி, ஆஸ்பத்திரி, எல்லாம். அவள் முடிகிறவரை நின்றுகொண்டே இருந்தாள். கீழே கையெழுத்துப் போட்டதும் எடுத்து, சத்தமாக, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அந்த நேரம் உள்ளே குழந்தை அழுதது. மகள் எழுந்திருக்கப் போனாள். இவள் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நீங்க போயி எடுங்க” என்றாள் அவனிடம்.

அவன் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனான். என்னை யாரும் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. எட்டாம் நாள் வந்தான். கவுண்டர் சாவி, ஸ்டோர் ரூம் சாவி, ரிஜிஸ்டர் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தான். சரிபாத்துக்கிடுங்க முதலாளி என்றான். பத்து வருஷத்தில் அவன் என்னை முதலாளி என்று கூப்பிட்டதில்லை. உட்காரு தம்பி என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான். வேலை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்க நினைத்தேன், அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் விட்டுவிட்டேன். செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் உட்காருவதாகப் பிற்பாடு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஏன் நின்றான் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. டீக்கடையில் இன்னும் எனக்கு அதே மரியாதைதான். நன்றி கெட்ட பய என்று அவனைத்தான் பேசுகிறார்கள்.

இப்போது கவுண்டரில் நானே உட்காருகிறேன். வருஷா வருஷம் வருகிறவர்கள் பழைய ஆள் எங்கே, தங்கமான மனுஷனாச்சே என்று கேட்கிறார்கள். நேற்று மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் கேட்டது. அவன் காலு முடியாம நின்னுட்டான், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர்கள் ஐயோ பாவம் என்றார்கள். சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். அவர்கள் இறங்கி வந்தால் திருத்திச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தேன். குளிக்கப் போகிற அவசரத்தில் நிற்காமல் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.